ஹூஸ்டனில் அக்காவுக்கு ஒரு துப்பாக்கி

ஹூஸ்டனில் இறங்கிய மறுநாளே ஹில்கிராஃப்ட் சாலைக்குத் தோசை சாப்பிடப் போனோம். நகரத்தின் இந்தியக் கடைத்தெரு அது. சேலைக்கடை, நகைக்கடை, மளிகை, சாட் கடை என்று வரிசையாக இருக்கும். 2010-ல் அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் போன உணவகத்தின் கண்ணாடிக் கதவில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய எழுத்தில் நீளமாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கடன் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் என்று ஏதாவது இருக்கும் என நினைத்துத்தான் படித்தேன். உரிமம் வைத்திருப்பவராகவே இருந்தாலும், மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு இந்த இடத்துக்குள் வரக்கூடாது என்பது அதன் சாரம். மேலே 30.06 என்று சட்டப்பிரிவின் எண். எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தானாம்.

நம் ஊரில் துப்பாக்கி படம் போட்ட பலகை ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். ராணுவ முகாம் வேலியில் தொங்கும் சிவப்புப் பலகை. ஒருவன் கையைத் தூக்கி நிற்பான், இன்னொருவன் துப்பாக்கியை நீட்டுவான். அதை விட்டால் நகைக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் நீளத் துப்பாக்கி. தோசைக்கடைக் கதவில் இப்படியோர் அறிவிப்பைப் பார்த்தது இதுவே முதல்முறை.

"அங்கேயே நின்னா எப்படி? உள்ள வா, வடை தீர்ந்திடும்" என்றாள் அக்கா.

வடை வந்தது. அக்கா சட்னியைத் தொட்டுக்கொண்டே மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "சனிக்கிழமை உனக்கு ஒன்னும் வேலை இல்லதானே? என்கூட ஒரு கடைக்கு வரணும். அத்தானோட போனா சண்டைதான் வரும்."

என்ன கடை என்று கேட்டேன். கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

அக்கா என் பெரியம்மா மகள். கிள்ளானில் பிறந்து, தாதிமை படித்து, இருபது வருடத்துக்கு முன்பு அமெரிக்கா வந்தவள். ஹூஸ்டன் மருத்துவ வளாகத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. பல நாள் இரவு பதினொன்றரைக்குத்தான் வேலை முடியும். மருத்துவமனையின் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில், நான்காவது மாடியில் கார் நிற்கும். போன நவம்பரில் ஓர் இரவு யாரோ பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள். அக்கா வேகமாக நடந்தால் அந்தச் செருப்புச் சத்தமும் வேகமாகியிருக்கிறது. கார் கதவைத் திறந்து திரும்பிப் பார்த்தபோது அந்த ஆள் சிகரெட் பற்றவைக்க லைட்டர் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் போய்விட்டான்.

"ஒன்னும் நடக்கலடி" என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். ஒன்றும் நடக்காத அந்த ராத்திரிக்குப் பிறகு அவளுக்கு அந்த மாடியில் கால் நடுங்குகிறது.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. பெரியம்மாவின் தாலிக்கொடியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனது. சாலையில் விழுந்து பெரியம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அக்கா அப்போது இங்கே இருந்தாள். விடுப்பு கிடைக்காமல் தொலைபேசியிலேயே அழுதாள். அதைப் பற்றி அவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அத்தானிடம் ஏற்கனவே ஒரு துப்பாக்கி இருக்கிறது. 2020-ல் கோவிட் பயத்தில் அமெரிக்காவே வரிசையில் நின்று வாங்கியபோது அவரும் வாங்கினார். 9 மில்லிமீட்டர் பிஸ்டல். அதை வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். பதினாறு வயதுப் பையன் இருக்கும் வீடு அது. 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டு வைப்பது டெக்சஸிலும் குற்றம்தான். "இதையே எடுத்துட்டுப் போ" என்பது அத்தான் கட்சி. அக்காவால் அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுக்க முடியவில்லை. பிஸ்டலில் முதல் தோட்டாவை உள்ளே ஏற்ற அந்த ஸ்லைடை இழுத்துவிட வேண்டும். முப்பது வருடம் நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, ஊசி போட்ட கை அது. வலது கட்டை விரல் மூட்டில் வாதம். ஊறுகாய்ப் பாட்டில் மூடியையே பையன்தான் திறந்து கொடுக்கிறான்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வணிக வளாகம். நகம் அழகுபடுத்தும் கடைக்கும் வியட்நாமிய நூடல்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு புத்தகக்கடை போல வெளிச்சமாக இருந்தது துப்பாக்கிக் கடை. பின்பக்கம் சுடும் கூடம். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, ஒரு தாத்தா, கல்லூரிப் பெண்கள் இருவர். யாரும் ரகசியம் பேசவில்லை. இருமல் மருந்து வாங்குவது போலக் கேட்கிறார்கள், கண்ணாடிப் பேழையைத் திறந்து எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் சட்டம் தானாகவே என் தலைக்குள் ஓடியது. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1971-ஆம் ஆண்டின் கடுமையான தண்டனைச் சட்டம் இரண்டும் இருக்கின்றன. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால் ஒரு காலத்தில் கட்டாய மரண தண்டனை. 2023-க்குப் பிறகுதான் அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் வழக்குதான். நம் நாளிதழ்களில் கொள்ளைச் செய்தி என்றால் பாராங் கத்திதான் வரும். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தடையேதும் இல்லாத 21 வயதானவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். கடையில் வாங்கும்போது படிவம் நிரப்பி, எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். காத்திருப்புக் காலம் கிடையாது. சோதனையில் சிக்கல் இல்லை என்றால் அன்றைக்கே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அக்கா குடியுரிமை பெற்றவள், வாங்கலாம். நான் தொடக்கூடக் கூடாது. சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற ஒரு சில விதிவிலக்குகள் உண்டு. விசா இல்லாமலே நுழையும் சலுகை உள்ள சிங்கப்பூர் நண்பர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. இதிலும் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள். கடைக்காரப் பையன் என்னை அழைத்துப் போய் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்து, காதுக்கு ஒரு கவசமும் கொடுத்தான். வானொலியில் காதில் ஹெட்போன் மாட்டியே பழகிய எனக்கு அது மட்டும் அந்நியமாக இல்லை.

அக்காவுக்கு வழிகாட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், கட்டை முடி, வெள்ளைச் சட்டை. முதலில் அக்காவின் இரண்டு கைகளையும் வாங்கி விரல் விரலாக அழுத்திப் பார்த்தார், வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல. கட்டை விரலை அழுத்தியபோது அக்கா முகம் சுளித்தாள். "சரி, பிஸ்டல் வேண்டாம். ரிவால்வர் பார்ப்போம்" என்றார்.

இங்கே காலிபர் என்ற சொல்லைச் சொல்லிவிட வேண்டும். தோட்டாவின் குறுக்களவு அது. .38 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 38 பங்கு. சொல்வதுதான் அப்படி. .38-இன் உண்மையான அளவு .357, .32-இன் உண்மையான அளவு .312. நம் ஊர்க் கடைகளின் செருப்பு அளவு போலத்தான், எண் ஒன்று, கால் ஒன்று. 9 மில்லிமீட்டர் 1902-லிருந்து இருக்கிறது, இன்றைக்கு எல்லோர் கையிலும் அதுதான். .38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது, ரிவால்வர் என்றால் அதுதான். .32 அப்படியில்லை. தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலிஸ் ஆணையராக இருந்த 1896-இல் போலிஸ்காரர்களுக்குத் தேர்ந்தெடுத்தது .32 ரிவால்வர்தான். பிறகு பெரிய தோட்டாக்கள் வந்து அதைப் பழைய பெட்டிக்குள் தள்ளிவிட்டன. 1984-இல் .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் என்று ஒரு முறை எழுந்தது. 2008 வாக்கில் .327 ஃபெடரல் மேக்னம் என்று இன்னும் பலமாக எழுந்தது. இரண்டு முறையும் கூட்டம் சேரவில்லை. இரண்டு மூன்று வருடமாக மறுபடி பேசுகிறார்கள். 2024-இல் பெரிய நிறுவனம் ஒன்றே சிறிய ஆறு குண்டு .32 ரிவால்வரைக் கொண்டுவந்திருக்கிறது. காரணம் அக்காவைப் போன்ற கைகள்.

அந்த அம்மா முதலில் கொடுத்தது 380 கிராம் எடையுள்ள .38 ரிவால்வர். ஐந்து தோட்டா. 380 கிராம் என்பது ஒரு பெரிய மாம்பழத்தின் கனம். கைப்பையில் இருப்பதே தெரியாது. ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும். அக்கா இரண்டு முறை சுட்டாள். இரண்டாவது முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அவள் தோள் துள்ளியது தெரிந்தது. மூன்றாவதைச் சுடாமல் மேசையில் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து .327 சுடக்கூடிய ரிவால்வர். 480 கிராம் வரும். தோட்டா ஒல்லி என்பதால் அதே அளவு உருளையில் ஐந்துக்குப் பதில் ஆறு அடங்குகிறது. .327 துப்பாக்கியின் தனிக்குணம், அதில் .32 குடும்பத்தின் நான்கு தலைமுறைத் தோட்டாக்களையும் போடலாம் என்பதுதான். 1878-இல் வந்த கொள்ளுத்தாத்தா முதல் கடைசிப் பேரன்வரை. பேரனைப் போட்டு ஒரு முறை சுட்டுக் காட்டினார் அந்த அம்மா. மின்னல் போல வெளிச்சம். கவசத்தையும் மீறிக் காது அடைத்தது. "இது உனக்கு வேண்டாம்" என்று எடுத்துவிட்டு, 1984-ஆம் வருடத்து ஹெச் அண்ட் ஆர் மேக்னத்தைப் போட்டுக் கொடுத்தார்.

அக்கா ஆறும் சுட்டாள். நிறுத்தி நிறுத்தி, மூச்சு விட்டு விட்டு. விசை கனமாகத்தான் இருந்தது, ஆனால் அதை இழுப்பது ஆள்காட்டி விரல், கட்டை விரலுக்கு வேலையில்லை. காகிதம் கம்பியில் ஓடி வந்தது. ஏழு கெஜ தூரத்தில் ஆறு ஓட்டை. ஒன்று மட்டும் ஓரத்தில், மீதி ஐந்தும் ஒரு சாசருக்குள் அடங்கும். ஊசி போட்டுப் போட்டுப் பழகிய கை நடுங்காது என்று அக்கா பிறகு பீற்றிக்கொண்டாள்.

எனக்கு நிம்மதி. இதோ முடிந்தது, வாங்கிவிட்டு நூடல்ஸ் சாப்பிடலாம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா எங்களைத் தோட்டா அலமாரிக்கு அழைத்துப் போனார். 9 மில்லிமீட்டர் மட்டும் நான்கு தட்டு. ஐம்பது தோட்டா பெட்டி 15 டாலர். .38 ஒரு தட்டு. .32 எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கீழ்த்தட்டில், குனிந்தால் தெரியும் இடத்தில் மூன்றே பெட்டி. 40 டாலருக்கு மேல். "மாதம் நூறு சுட வேண்டும். இல்லாவிட்டால் இது பையில் கனம், அவ்வளவுதான்" என்றார். மாதம் நூறு என்றால் எண்பது டாலருக்கு மேல், நம் பணத்தில் ஏறக்குறைய 350 வெள்ளி. 2020, 2021 பஞ்சத்தில் ஆலைகள் முதலில் ஓட்டியது எல்லோரும் கேட்ட 9 மில்லிமீட்டரைத்தான். அரிய தோட்டாவை நம்பியிருந்தவர்கள் பயிற்சியையே நிறுத்தினார்களாம். அத்தான் கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

சின்னத் தோட்டா போதுமா என்றும் கேட்டேன். கேட்கலாம், தொடத்தான் கூடாது. ஜெல் கட்டியில் சுட்டு ஆழம் அளப்பார்கள், 12 அங்குலமாவது போக வேண்டும் என்பது எஃப்.பி.ஐ. வைத்த அளவு, நல்ல .32 தோட்டா அதைத் தாண்டும் என்றார். "படாத பெரிய தோட்டாவைவிடப் படுகிற சின்னத் தோட்டா மேல்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இந்தியாவில் இது தலைகீழ் என்பது எனக்குச் சுவையாக இருந்தது. அங்கே 9 மில்லிமீட்டரும் .38-உம் சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவுகள். உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் வாங்குவது .32. டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு 2014-இல் கான்பூர் அரசு ஆலை பெண்களுக்கென்று 500 கிராமில் ஒரு ரிவால்வர் செய்து நிர்பீக் என்று பெயர் வைத்ததே, அதுவும் .32. விலை ஒரு லட்சத்துக்கு மேல். அங்கே வேறு வழியில்லாமல் வாங்குவதை இங்கே அக்கா தேடிப்பிடித்து வாங்க வேண்டும்.

படிவத்தை எடுக்கும் முன் அந்த அம்மா சாதாரணமாக ஒன்று கேட்டார். "எங்கே எடுத்துப் போவதற்காக?"

அக்கா சொன்னாள். மருத்துவமனை, நான்காவது மாடி, ராத்திரி.

அவர் பேனாவை வைத்துவிட்டார். டெக்சஸ் சட்டப்படி மருத்துவமனைக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது, நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்தால் ஒழிய. ஊழியர்கள் நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகலாம், அதைத் தடுக்க முடியாது. அப்படியானால் என்ன ஆகும்? பகல் முழுக்க அந்த ரிவால்வர் நான்காவது மாடியில் காருக்குள் கிடக்கும். வேலை முடிந்து அக்கா மின்தூக்கியில் ஏறி, இறங்கி, காரை நோக்கி நடக்கும் அந்த இருநூறு அடியில் அது அவளிடம் இருக்காது. கார் கதவைத் திறந்த பிறகுதான் கைக்கு வரும். நவம்பரில் அந்த ஆள் லைட்டர் கேட்டதும் அந்தக் கதவருகில்தான்.

ஒன்றரை மணி நேரம் கிராம் கிராமாக நிறுத்துப் பார்த்தோம், அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு வாதாடினோம். கார் எங்கே நிற்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. அக்கா சிரித்துவிட்டாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா விற்கப் பார்க்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. கட்டாயம் இல்லாவிட்டாலும் உரிம வகுப்பு ஒன்றில் சேரச் சொன்னார். நான்கு முதல் ஆறு மணி நேரம் சட்டம் சொல்லித் தருவார்கள். 3, 7, 15 கெஜ தூரத்தில் மொத்தம் ஐம்பது முறை சுட வேண்டும், 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கெஜம் என்பது நம் தாமான் வீட்டு வரவேற்பறையைவிடக் குறைவு. மருத்துவமனைப் பாதுகாவலரைத் துணைக்கு அழைக்கும் எண் அடையாள அட்டையின் பின்புறம் இருக்கும், பார் என்றும் சொன்னார். இருந்தது. இத்தனை வருடத்தில் அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது தரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக் கூடு ஒன்றை நினைவுக்காக எடுத்துப் பையில் போட்டேன். அக்கா பார்த்துவிட்டாள். "பைத்தியமா உனக்கு? கே.எல்.ஐ.ஏ. ஸ்கேனர்ல மாட்டினா யார் பதில் சொல்றது?" என்று பிடுங்கிப் போட்டாள். அப்படியும் ஹூஸ்டன் விமான நிலையத்தில் கைப்பையின் எல்லா உறையையும் மூன்று முறை கவிழ்த்துப் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். வகுப்பை முடித்துவிட்டாள், 250-க்கு 231. ஆறு குண்டு .32 வாங்கியாகிவிட்டது. தோட்டா இணையத்தில் ஐநூறாக வரவழைத்திருக்கிறாள். வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து போடுகிறார்கள். அது வீட்டுப் பெட்டியில் அத்தானுடையதற்குப் பக்கத்தில் இருக்கிறது, மருத்துவமனைக்குப் போவதில்லை. ராத்திரி நான்காவது மாடிக்கு ஒரு பாதுகாவலர் கூட வருகிறார். எத்தியோப்பியாக்காரர், நம் தேநீர் பற்றி விசாரிக்கிறாராம். "நடுக்கம் இருக்கு. கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையனின் கணக்கு மதிப்பெண்ணுக்குத் தாவிவிட்டாள்.

அந்த ஆறு ஓட்டைக் காகிதத்தை மட்டும் மடித்துக் கொண்டுவந்திருந்தேன். கிள்ளானில் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒவ்வோர் ஓட்டையிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"கட்டை விரல் வலிக்கலையாமா அவளுக்கு?" என்று கேட்டார்.